செக்டிஸ்க் ஓட்டும் முன்

‘டிரைவில் பிழை இருக்கிறது, ஸ்கேன் செய்யவும்’ என்று விண்டோஸ் சொன்னதுமே, டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்தும் அதன் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டிவிட்டுத்தான் என் கடைக்குப் பலர் வருகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன்.

கரண்ட் சட்டென்று போனதில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு குழம்பியிருந்தால், செக்டிஸ்க் அதைச் சரிசெய்துவிடும். டிஸ்க்கே தேய்ந்திருந்தால் கதை வேறு. முழு டிஸ்க்கையும் மணிக்கணக்கில் உருட்டினால், இருக்கிற உயிரும் போய்விடலாம். அதனால் முதலில் போட்டோ, டேலி டேட்டா எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு ஏற்றிவிடுங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் அதுகூட வேண்டாம். அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருள்தான். ஹார்ட் டிஸ்க் என்றால் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். எல்லாம் வெறும் சைபராக இருந்தால் நல்லது. சி5-இல் எண் இருந்தால், படிக்க முடியாமல் சில செக்டார்கள் (டேட்டா பதியும் சின்னக் கட்டங்கள்) நிற்கின்றன என்று பொருள். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் புது டிஸ்க்குக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

சி7 மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் டிஸ்க் மேல் தப்பில்லை, சாட்டா கேபிள்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறந்தால், டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தட்டையான ஒல்லிக் கேபிள் தெரியும். இரண்டு முனையையும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். புதுக் கேபிள் போட்டாலும் பழைய எண் இறங்காது. அதற்கு மேல் ஏறாமல் நின்றால் சரி.

இப்போது செக்டிஸ்க். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தட்டி, ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறங்கள். சி ஹெச் கே டி எஸ் கே என்ற ஆறு எழுத்து, ஓர் இடைவெளி, சி, முக்காற்புள்ளி, மறுபடி இடைவெளி, சாய்கோடு, எஃப். சி டிரைவ் பயன்பாட்டில் இருப்பதால், அடுத்த முறை கம்ப்யூட்டர் திறக்கும்போது பார்க்கட்டுமா என்று கேட்கும். ஒய் அடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எஃப்புக்குப் பதில் ஆர் போட்டால் கெட்டுப்போன செக்டார்களையும் தேடும். 1 டிபி டிஸ்க்குக்கு ராத்திரி முழுக்க ஆகலாம். சதவீதம் ஒரே இடத்தில் நிற்கிறதே என்று சுவிட்சை அணைக்காதீர்கள். யூபிஎஸ் இல்லாத வீட்டில், பவர் கட் அறிவித்த நாளில் இதை ஆரம்பிக்கவே கூடாது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு பெரும்பாலும் எஃப் போதும்.

முடிவு திரையில் ஓடி மறைந்துவிடும். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போய், வின்இனிட் என்ற பெயரில் உள்ள பதிவைத் திறந்து நிதானமாகப் படிக்கலாம். பேட் செக்டார் வரியில் சைபர் இருந்தால் வழக்கம்போல வேலையைத் தொடருங்கள்; ஏதாவது எண் இருந்தால் அந்த டிஸ்க்கை முக்கியமான எதற்கும் நம்பாதீர்கள்.