பழைய போர்தோ பாட்டிலைத் திறப்பது எப்படி? கார்க் நொறுங்காமல், மண்டி கலங்காமல்

உதாரணத்துக்கு ஷத்தோ க்ரூவோ-லாரோஸ் 1986 என்ற சிவப்பு ஒயினை எடுத்துக்கொள்வோம். பிரான்சில் போர்தோவின் மெடோக் பகுதியில் சாங்-ஜூலியன் என்ற ஊரில் இருக்கிறது இதைத் தயாரிக்கும் திராட்சைத் தோட்டம். போர்தோ தோட்டங்களைத் தரம் பிரித்த 1855 தரவரிசையில் இரண்டாம் நிலை. ‘ஒயின்களின் அரசன், அரசர்களின் ஒயின்’ என்று லேபிளிலேயே போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பெருமை. மெடோக்கில் 1986, துவர்ப்புத் தரும் டானின் தூக்கலான ஆண்டு என்பதால் பாட்டிலில் மண்டி நிறைய இருக்கும். 1970, 1982 என்று எந்தப் பழைய போர்தோவுக்கும் இதே முறைதான்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

பாட்டிலை நிமிர்த்தி, ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். இந்த வயதுக்குக் கழுத்தின் அடி வரை இருந்தால் நன்று. தோளின் மேல்பகுதி வரை என்றாலும் பரவாயில்லை. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால், கார்க் வழியே காற்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த விலைக்கு வேறு பாட்டில் தேடுங்கள்.

படி 1: நிமிர்த்தி வையுங்கள்

குறைந்தது 2 நாள், முடிந்தால் ஒரு வாரம். டானினும் நிறமிகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனமாகி அடியில் படிவதுதான் மண்டி. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கலங்கிவிட்டால் ஒயின் கசக்கும், நாக்கில் நறநறக்கும். இடம் மாற்றும்போது பாட்டிலைச் சுழற்றவோ குலுக்கவோ கூடாது.

குடிக்கும் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்பதை நம்பி 30 டிகிரி அறையில் வைத்தால் ஆல்கஹால் நெடி மட்டுமே மேலெழும்.

படி 2: மூடித்தகடு

அந்தக் காலத்து பாட்டில்களின் கழுத்தைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் ஈயத்தகடு. 1990களின் தொடக்கம் வரை அதுதான் வழக்கம். பாட்டில் வாயின் உதட்டுக்குக் கீழே வெட்டி, முழுவதையும் உரித்துவிடுங்கள். வாயில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். கார்க்கை எடுத்த பின் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

படி 3: கார்க்

பலரும் தோற்பது இங்கேதான். நல்ல போர்தோவின் கார்க் ஏறக்குறைய 5 செ.மீ. நீளம். ஒயினில் ஊறிய அடிப்பாதி மெத்தென்று இருக்கும். மேல்பாதி கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும். சாதாரணத் திருகாணியைப் போட்டு நெம்பினால் மேல்பாதி மட்டும் கையோடு வரும். இறக்கை வைத்த திருகாணியை இந்த பாட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதன் தடித்த புரி கார்க்கின் நடுவைத் துருவிவிடும்.

வேண்டியது ஆ-ஸோ என்ற இரட்டைத் தகடு எடுப்பான். அதில் ஒரு தகடு சற்று நீளம். அந்த நீளத் தகட்டைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே கொஞ்சமாகச் செருகிவிட்டு, எதிர்ப்பக்கம் குட்டைத் தகட்டைச் செருகுங்கள். நேராகக் கீழே அழுத்தாதீர்கள். அழுத்தினால் கார்க் உள்ளே போய்விடும். இடம், வலம் என்று மாற்றி மாற்றி அசைத்தால் தகடுகள் தாமாக இறங்கும். கைப்பிடி கார்க்கைத் தொட்டதும், ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே மெதுவாக மேலே இழுங்கள். திருகாமல் இழுத்தால் தகடு மட்டும் வெளியே வரும்.

முதல் தகடு நுழையும்போதே கார்க் வழுக்கி இறங்குகிறதா? உடனே நிறுத்துங்கள். திருகாணியும் இரட்டைத் தகடும் சேர்ந்த டூராண்ட் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. திருகாணி கார்க்கைக் கீழே போகாமல் பிடித்துக்கொள்ளும், தகடுகள் பக்கங்களை விடுவிக்கும். விலை அதிகம்தான். ஆனால் 30 வயதைத் தாண்டிய பாட்டில்களை அடிக்கடி திறப்பவர்களுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை.

உடைந்தே போனால், மிச்சத் துண்டில் மெல்லிய திருகாணியைச் சாய்வாகச் செலுத்தி, கண்ணாடிச் சுவரோடு அணைத்தபடி இழுத்துப் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு, அலசிய மஸ்லின் துணி வழியே ஊற்றலாம். காபி வடிதாள் வேண்டாம். காகித வாடை ஏறும்.

படி 4: இறுத்தல்

ரசத்தில் தெளிவை மட்டும் இறுத்தெடுக்கும் அதே கைப்பக்குவம். அகன்ற அடி டிகாண்டர் (ஒயினை இறுத்து வைக்கும் கண்ணாடிக் குடுவை) இளம் ஒயினுக்கு. இதற்குக் குறுகலானதே போதும். பாட்டிலின் தோளுக்குக் கீழே வெளிச்சம் வேண்டும். மெழுகுவத்தி அழகாக இருக்கும், கைபேசி டார்ச் தெளிவாகக் காட்டும்.

ஊற்றத் தொடங்கினால் நடுவில் நிமிர்த்தக் கூடாது. ஒருமுறை நிமிர்த்தினாலும் ஒயின் பின்னோக்கி அலையடித்து, படிந்ததெல்லாம் கிளம்பிவிடும். சன்னமாக, ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். போர்தோ பாட்டிலின் உயர்ந்த தோள் மண்டியைக் கொஞ்சம் தடுத்து வைக்கும். புகை போன்ற கீற்று கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அடியில் 30 முதல் 50 மி.லி. வீணாகும். அதைப் பார்த்து மனம் கேட்காமல் கடைசிச் சொட்டையும் சேர்த்தால், மொத்தமும் கலங்கலாகும்.

படி 5: முகர்ந்து பாருங்கள்

திறந்தவுடன் வரும் பூட்டிய அறை வாடை 10, 20 நிமிடத்தில் போய்விடும். ஈர அட்டைப்பெட்டி வாடை போகாது. நேரம் ஆக ஆகக் கூடும். அது கார்க்கிலிருந்து வந்த டிசிஏ என்ற வேதிப்பொருளின் கோளாறு. லேசான குதிரைலாய வாசனை பழைய மெடோக் ஒயின்களில் சகஜம், சிலர் அதை விரும்பியே தேடுவார்கள். வெட்டி வைத்த ஆப்பிள் வாடையும் பழுப்பு நிறமும் சேர்ந்து இருந்தால் காற்று புகுந்து கெட்டுவிட்டது என்று பொருள். ஓரத்தில் செங்கல் நிறம் மட்டும் தெரிவது வயதின் அடையாளம், கோளாறு அல்ல.

1986 இன்னும் இறுக்கமாக இருந்தால் டிகாண்டரில் ஒரு மணி நேரம் விடலாம். 1961 போன்ற முதியவற்றை இறுத்த உடனே பரிமாறிவிடுங்கள். காத்திருந்தால் பழவாசனை கண்ணெதிரே மறையும்.

பின்சேர்க்கை: நிமிர்த்தி வைக்க நாள் இல்லையே என்பவர்களுக்கு: பாட்டில் அலமாரியில் படுத்திருந்த அதே நிலையில், திருப்பாமல், சாய்வுக் கூடையில் வைத்துத் திறந்து, அப்படியே இறுத்துவிடுங்கள். நிமிர்த்தி ஒரு மணி நேரம் மட்டும் காத்திருப்பதுதான் இரண்டுங்கெட்டான்: பக்கவாட்டில் படிந்த மண்டியும் கலங்கும், அடியிலும் சேராது.