நகரத் திட்டமிடலில் முதுநிலைப் பட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத் திட்டமிடல் படிப்பு என்றதும் பலர் மனத்தில் எழுவது ஓர் அழகான வரைபடம்: அகலமான சாலைகள், வரிசையாக மரங்கள், கண்ணாடிக் கோபுரங்கள். அதை நம்பிச் சேருகிறவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போகிறார்கள். அங்கே அவர்களை எதிர்கொள்பவை நிலச் சட்டம், பொதுநிதி, மக்கள்தொகைக் கணிப்பு, புள்ளியியல். இதைக் கட்டடக் கலையின் தொடர்ச்சி என்று எண்ணிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களின் நடுவில் எழுந்த புரூயிட்–ஐகோ குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். 1972-ல் அவற்றை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நெடுங்காலம் பழி முழுவதும் வடிவமைப்பின் மேல் விழுந்தது. ஆனால் பராமரிப்புச் செலவை வாடகைப் பணத்திலிருந்தே ஈடுகட்ட வேண்டும் என்பது அங்கிருந்த ஏற்பாடு. நகரத்தின் மக்கள்தொகையோ சரிந்துகொண்டிருந்தது. வீடுகள் காலியாகக் காலியாக வருமானம் குறைந்தது. வருமானம் குறையக் குறைய லிஃப்டும் குழாயும் பழுதாகவே கிடந்தன. அதைப் பொறுக்காமல், மிச்சமிருந்தவர்களும் வெளியேறினார்கள். இந்தச் சுழலைப் புரிந்துகொள்ள வரவு செலவுக் கணக்கும் வீட்டு வசதிக் கொள்கையும் படிக்கத் தெரிய வேண்டும். அவற்றைக் கற்றுத்தருவதுதான் இந்தப் பட்டம்.

இதே எண்ணம் வேறு சிலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. "நான் கட்டடக் கலை படிக்கவில்லையே" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். நவீன நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவரான பேட்ரிக் கெடிஸ் உயிரியல் அறிஞர். நியூயார்க்கில் அக்கம்பக்கங்களை அழித்து விரைவுச்சாலை போடும் திட்டத்தை எதிர்த்து நின்ற ஜேன் ஜேக்கப்ஸ் பத்திரிகையாளர். பொருளியல், சமூகவியல், புவியியல், பொறியியல் என்று எதைப் படித்தவர்களையும் ஏற்கும் துறைகள் பல உண்டு. குறிப்பிட்ட இளநிலைப் பட்டம் கேட்கும் இடங்களும் இருப்பதால் தகுதி விதியை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, நகரவியலையும் நகரத் திட்டமிடலையும் ஒன்றாகக் கருதுவது. நகரவியல் பெரும்பாலும் ஆய்வு சார்ந்தது. நகரங்கள் ஏன் இப்படி ஆயின என்று கேட்பது. திட்டமிடல் ஒரு தொழில். நாளை எந்த நிலத்தில் எதை அனுமதிப்பது என்று முடிவெடுக்கப் பழக்குவது. இரண்டையும் ஒரே துறை நடத்தினாலும் பட்டத்தின் பெயர் வேறு, அது திறக்கும் கதவும் வேறு. திட்டமிடுபவராக வேலை பார்க்க விரும்பினால், அந்த நாட்டின் தொழில்முறை அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் ஆர்.டி.பி.ஐ., இந்தியாவில் ஐ.டி.பி.ஐ., அமெரிக்காவில் பி.ஏ.பி. என்னும் அங்கீகார வாரியம். பல்கலைக்கழகத்தின் ஒட்டுமொத்தத் தரவரிசை இதைச் சொல்லாது.

விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் "எனக்குச் சிறு வயதிலிருந்தே நகரங்கள் பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். அறிக்கையைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரு சிக்கலை எழுதுங்கள்: ஒரு பேருந்துத் தடம் நிறுத்தப்பட்டதும் அந்தப் பகுதிப் பெண்களின் வேலை நேரம் எப்படி மாறியது, ஓர் ஏரி மனையானதும் மழைநீர் எங்கே போனது. நீங்களே பார்த்து விசாரித்தது என்றால் இரண்டு பத்தி போதும்.

படிக்கும் காலத்தில் பலர் செய்வது, புள்ளியியலுக்கும், இடம் சார்ந்த தரவுகளை வரைபடமாக்கி ஆராயும் ஜி.ஐ.எஸ். மென்பொருளுக்கும் பயந்து ஒதுங்குவது. அவற்றில் கியூஜிஐஎஸ் என்பது இலவசமாகவே கிடைக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் ஒரு மாதம் அதில் கை பழகினால் பயம் பாதி தீர்ந்துவிடும். எனக்கு இதைவிட வருத்தம் தருவது எதிர்த்திசைத் தவறு. திரையில் இருக்கும் வண்ண வரைபடமே ஊர் என்று நம்பிவிடுவது. கெடிஸ் 1914-க்குப் பிறகு இந்திய நகரங்களுக்கு வந்தபோது சந்து சந்தாக நடந்து பார்த்தார். நெரிசலான பகுதிகளை மொத்தமாக இடித்து நேர்ச்சாலை போடுவதற்கு மாறாக, தேவையான சில இடங்களை மட்டும் திறந்துவிட்டால் போதும் என்று வாதாடினார். நடக்காமல் அந்த யோசனை வந்திருக்காது.

மக்களிடம் கருத்துக் கேட்பதையும் சடங்காக்கிவிடக் கூடாது. 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அதில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுப்படிகள்தான்; முடிவெடுக்கும் அதிகாரத்தில் பங்கு கிடைப்பது மேற்படிகளில். ஸ்டூடியோ திட்டத்துக்காக, அதாவது ஓர் உண்மையான இடத்துக்குத் திட்டம் தீட்டிப் பழகும் குழுப் பயிற்சிக்காக, ஒரு குடியிருப்புக்குப் போய், கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு திரும்பி, பிறகு அந்தப் பக்கமே போகாத மாணவர்கள் அங்கிருப்பவர்களின் நம்பிக்கையை வீணடிக்கிறார்கள். அடுத்து வரும் குழுவுக்குக் கதவு திறக்காது.

ஆய்வேட்டுத் தலைப்பைச் சுருக்குங்கள். "காலநிலை மாற்றமும் நகரங்களும்" ஒரு துறையின் பெயர். ஒரு வார்டின் வடிகால் ஆய்வேட்டுக்குப் போதும்.

இடம் கிடைத்ததும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டில் முடியும் படிப்பு அமெரிக்காவில் இரண்டாண்டு. செலவும் அதற்கேற்ப மாறும். இப்போது அங்கே படிக்கும் ஒருவருக்கு எழுதி, சென்ற ஆண்டு ஸ்டூடியோ யாருக்காக நடந்தது, அந்தப் பரிந்துரைகள் என்னவாயின, முடித்துப் போனவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் கட்டலாம்.