யூகாஸ் விண்ணப்பத்தில் மகள் திணறியபோது

ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டிலேயே, பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தேவையான ஹையர் தேர்வுகளை எழுதிவிடுவார்கள். ஆறாம் ஆண்டில், பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தளமான யூகாஸில் விண்ணப்பம் போடும்போது மதிப்பெண் கையில் இருக்கும். என் மகளுக்கும் அதில் கவலையில்லை. தன்னைப் பற்றி எழுதும் பகுதியில்தான் நின்றுவிட்டாள்.

2026 சேர்க்கையிலிருந்து அது ஒரே கட்டுரை இல்லை. மூன்று கேள்விகள், இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொரு பதிலுக்கும் குறைந்தது 350. திரையைப் பார்த்தாலே அவளுக்கு வார்த்தை வரவில்லை. சரி, மடிக்கணினியை மூடு என்றேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “ஏன் பார்மசி?” என்று கேட்டேன். தாத்தாவின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்ததையும், எதை எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்று தேடிப் படித்ததையும் மளமளவெனச் சொன்னாள். நான் குறித்துக்கொண்டேன்; எழுதியது அவள்தான். ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை, அது அவள் குரலில் இருப்பதே முக்கியம்.

அப்புறம் கட்டணம். தகுதியுள்ள ஸ்காட்லாந்து மாணவர்கள் அங்கேயே படித்தால் மாணவர் நிதியுதவி தரும் சாஸ் என்ற அரசு அமைப்பு கட்டும். ஆனால் யூகாஸில் போட்டதால் அது தானாக வராது; தனியாக, ஒவ்வொரு ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.