ஒரு நிமிடப் படம், ஆங்கில சப்டைட்டில்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடுகிறார்கள். ஆங்கிலம் பழக, பார்த்த பிள்ளைகளைப் படம் எடுக்கவும் வையுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செல்போன் போதும்.

ஒரு நிமிடக் கதையைத் தமிழிலேயே பேசி நடிக்கட்டும். பிறகு ஆங்கில சப்டைட்டிலை அவர்களே எழுதட்டும். திரையில் இரண்டே வரி, வரிக்கு இடைவெளியும் சேர்த்து 42 எழுத்து என்பது துறையில் பரவலான வழக்கம். அந்த நெருக்கடியில்தான் மொழி பிடிபடும். "அட போடா"வை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்து, ஆங்கிலத்தில் டப்பிங். டேக் சரியாக வரும்வரை ஒரே வரியைப் பத்துத் தடவை சொன்னாலும் சலிக்காது. கூச்சப்படும் பிள்ளையை இதில் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.