பெக்போர்டு கொக்கி: கடை போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெயர்ப் பலகைக்கு என்ன விளக்கு, ஏ.சி. எத்தனை டன், கல்லா எந்தத் திசை என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். பெக்போர்டில், அதாவது வரிசையாக ஓட்டை போட்ட பலகையில், மாட்டிச் சரக்கைத் தாங்கப்போகிற கொக்கியை மட்டும் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் போனில் படம் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். கடைகளுக்கு ரேக், டிஸ்பிளே செய்துகொடுப்பது என் தொழில். செல்போன் கவர் கடையானாலும் ஃபேன்சி ஸ்டோரானாலும் ஹார்டுவேர் கடையானாலும், நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை இன்று கடை போடுகிற பிள்ளைகளும் செய்கிறார்கள். போர்டைக் கோணலாக மாட்டுவது, ஸ்க்ரூவை இறுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை கண்ணில் படும், அன்றைக்கே சரி செய்துவிடலாம். சத்தமில்லாமல் காசைத் தின்கிற தவறுகள் வேறு.

படத்தைப் பார்த்துக் கொக்கி வாங்குவது

இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த கடையில் இதுவே நடக்கிறது. பத்து நிமிடம் அளவெடுத்தால் தீர்கிற விஷயம் என்பதால்தான் எனக்கு இன்னும் ஆற மாட்டேன் என்கிறது.

திண்டுக்கல் பக்கம் ஒரு தம்பி செல்போன் கவர் கடை போட்டார். கொக்கியைப் பெட்டி பெட்டியாக ஆன்லைனில் வாங்கியாகிவிட்டது. போர்டை உள்ளூர் ஆசாரியிடம் சொல்லி, 12 எம்.எம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் பென்சில் கோடு போட்டு டிரில் செய்ய வைத்திருந்தார். கொக்கி மாட்டவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் தம்பி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையாகச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, கொக்கியிலயும் ஒரு இன்ச்னுதான் போட்டிருக்கு, ஓட்டையும் ஒரு இன்ச்தான், அப்புறம் ஏன் போக மாட்டேங்குது?” என்றார்.

ஒரு இன்ச் என்பது ஓட்டைக்கு ஓட்டை உள்ள இடைவெளி மட்டும்தான். கொக்கி பொருந்துவதற்கு மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும்: ஓட்டையின் விட்டம், ஓட்டைகளுக்கு இடையிலான தூரம், பலகையின் கனம். இந்தக் கனத்தைத்தான் யாரும் கேட்பதே இல்லை. கொக்கியின் பின்பக்கத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் கால் ஓட்டைக்குள் நுழைந்து பலகையின் முதுகில் மேல்நோக்கி வளைந்து பிடிக்கிறது, கீழ்க்கால் ஆடாமல் நிறுத்துகிறது. அந்த வளைவுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே விட்டிருக்கிற சந்துதான் பலகையின் கனம். தம்பி வாங்கியது 6 எம்.எம். பலகைக்கான கொக்கி. 12 எம்.எம். பலகைக்குள் மேல் கால் வளையவே இடமில்லாமல் பாதி வழியில் முட்டி நின்றது.

நான் போவதற்கு முன்பே ஆசாரி ஒரு வழி கண்டுபிடித்து ஒரு போர்டு முழுக்கச் செய்து வைத்திருந்தார். 10 எம்.எம். பிட் போட்டு ஓட்டைகளையே பெரிதாக்கிவிட்டார். கொக்கி உள்ளே போனது, ஆனால் எல்லாம் மூக்கைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அதிலேயே கடை திறந்தார்கள். கவர் பாக்கெட்டுகள் சரிந்து சரிந்து விழுந்தன. இரண்டு மாதம் கழித்து ஓட்டைகளின் கீழ் விளிம்பு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. கடைசியில் போர்டும் வீண், கொக்கியும் வீண். விற்றவர், பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

கொக்கி நுழையவே இல்லை என்றால்கூடப் பிழைத்தோம், உடனே தெரிந்துவிடும். நுழைந்து லொடலொட என்று ஆடுவதுதான் ஆபத்து. வாடிக்கையாளர் பாக்கெட்டை எப்படி எடுக்கிறார் என்று கவனியுங்கள். மேலே தூக்கி, முன்னால் இழுப்பார். கொக்கியைப் போர்டிலிருந்து கழற்றுவதற்கும் அதே அசைவுதான். பொருத்தம் சரியாக இருந்தால் கொக்கி அசையாது. லூசாக இருந்தால் பாக்கெட்டோடு கொக்கியும் கையில் வரும், பத்து பாக்கெட் தரையில் விழும். விழாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் ஆடுகிற பல் போல ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கிக்கொண்டே இருக்கும்.

சரி, சந்தையில் என்னென்ன அளவு இருக்கிறது? அமெரிக்க முறைப்படி வரும் ஹார்டுபோர்டில் இரண்டு வகை. ஒரு நூல் (1/8 இன்ச்) கனப் பலகையில் ஒன்றரை நூல் (3/16 இன்ச்) ஓட்டை. இரண்டு நூல் (1/4 இன்ச்) கனப் பலகையில் இரண்டு நூல் ஓட்டை. இரண்டிலும் இடைவெளி ஒரு இன்ச், அதாவது 25.4 எம்.எம். ரேக்குகளின் முதுகில் வருகிற ஓட்டை போட்ட தகரத் தட்டுகளில் 25 எம்.எம். கணக்கு இருப்பது சகஜம். ஐகியாவின் ஸ்கோடிஸ் போர்டில் வட்ட ஓட்டையே கிடையாது, நீளவாக்கில் வெட்டியிருப்பார்கள், அதற்கு அதன் கொக்கிதான்.

25-க்கும் 25.4-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள். ஒரு இன்ச் இடைவெளியில் இரண்டு கால் உள்ள சாதாரணக் கொக்கிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 10 இன்ச் தள்ளித் தள்ளிக் கால் வைத்த கூடையோ சின்ன ஷெல்ஃபோ வாங்கினால் அந்த 0.4 எம்.எம். சேர்ந்து சேர்ந்து 4 எம்.எம். ஆகிவிடும். ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் ஓட்டைக்கும் காலுக்கும் சம்பந்தமே இருக்காது. சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அளக்கும் முறை எளிது. ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து பத்து ஓட்டை தள்ளி உள்ளதன் இடது விளிம்பு வரை டேப் வையுங்கள். 250 எம்.எம். வந்தால் மெட்ரிக், 254 வந்தால் இன்ச் கணக்கு. அப்புறம் டிரில் பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 6 எம்.எம். பிட் சுலபமாக நுழைந்தால் இரண்டு நூல் ஓட்டை. 5 எம்.எம். பிட்டே நுழையவில்லை என்றால் ஒன்றரை நூல். பலகையின் கனத்தை வெர்னியரில் பாருங்கள். வெர்னியர் இல்லையா, விளிம்பில் ஸ்கேலை வைத்தாலே போதும். மூன்றையும் எழுதிக்கொண்டு, அரை டஜன் கொக்கி மட்டும் சாம்பிள் வாங்கி, விற்கப்போகிற அதே சரக்கை மாட்டி, ஒற்றைக் கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கொக்கி போர்டிலேயே நின்றால் மொத்தமாக ஆர்டர் போடுங்கள்.

கையால் டிரில் செய்த போர்டு வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையும் அரை எம்.எம். விலகும், இரட்டைக் கால் கொக்கி எங்கே போகும் எங்கே போகாது என்று சொல்ல முடியாது. அந்தப் பயத்தில் ஒற்றைக் கால் கொக்கி வாங்கினால் அது வலம் இடமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நீளக் கொக்கியில் நிறையச் சரக்கு

10 இன்ச் கொக்கிக்கும் 4 இன்ச் கொக்கிக்கும் விலை வித்தியாசம் குறைவு. அதனால் நீளமானதே லாபம் என்று எல்லாருக்கும் தோன்றும். 10 இன்ச் தள்ளித் தொங்குகிற ஒரு கிலோ, போர்டை இழுக்கிற இழுப்பில் 4 இன்ச்சில் தொங்குகிற இரண்டரைக் கிலோவுக்குச் சமம். கம்பி வளைவதோ இன்னும் மோசம். அதே கனக் கம்பி, நுனியில் அதே எடை, நீளம் மட்டும் இரட்டிப்பானால் நுனி எட்டு மடங்கு தாழும். கம்பியின் கனத்தை 4 எம்.எம்.-லிருந்து 6 எம்.எம். ஆக்கினால் விறைப்பு ஐந்து மடங்கு கூடும். அதனால் கொக்கி எத்தனை கிலோ தாங்கும் என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கம்பி எத்தனை எம்.எம்., நீளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

எடை ஒரு பக்கம் இருக்கட்டும். செல்போன் கவர் கடையில் நீளக் கொக்கியால் வருகிற நஷ்டம் வேறு மாதிரி. 4 இன்ச்சில் ஐந்தாறு கவர் நிற்கும், 10 இன்ச்சில் ஒரு டஜனுக்கு மேல் போகும். இடம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது, நிரப்பிவிடுவார்கள். ஆறு மாதத்தில் அந்த மாடல் போய் அடுத்த மாடல் வந்துவிடும், முன்னால் இருந்த நாலு விற்று பின்னால் எட்டு அப்படியே நிற்கும். இப்படி முடங்கிய பணத்துக்கு முன்னால் கொக்கியின் விலை எல்லாம் ஒன்றுமே இல்லை. பல் துலக்கும் பிரஷ், பேனா மாதிரி வருடம் முழுக்கப் போகிற சரக்குக்கு 8 இன்ச் போடுங்கள். மாடல் மாறுகிற சரக்குக்கு 4 இன்ச், மிஞ்சிப்போனால் 6.

அட்டையின் ஓட்டையைப் பார்க்காமல் கம்பியைத் தேர்ந்தெடுப்பது

கனமான கம்பிதான் நல்லது என்று முன்னால் சொன்னதை வைத்து எல்லாவற்றுக்கும் 6 எம்.எம். வாங்கிவிடக் கூடாது. ஹேர்பின், பொட்டு, தோடு அட்டைகளில் பஞ்ச் செய்த ஓட்டையே 5, 6 எம்.எம்.தான். 6 எம்.எம். கம்பியில் அது ஏறாது, ஏறினாலும் எடுக்கும்போது அட்டையின் தலை கிழியும். தலை கிழிந்த அட்டையை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். அவற்றுக்கு 3.5 அல்லது 4 எம்.எம். கம்பியில் குட்டைக் கொக்கி போதும்.

எடை கூடிய பாக்கெட்டுக்கு, அதாவது ஸ்க்ரூடிரைவர் செட், கத்தரிக்கோல், சார்ஜர் போன்றவற்றுக்கு, இரட்டைக் கம்பிக் கொக்கி. பாக்கெட்டின் தலையில் நடுவில் மேடு வைத்த நீள ஓட்டை இருக்கும். இரட்டைக் கம்பியில் எடை இரண்டு இடத்தில் பிரிந்து உட்காரும், பாக்கெட்டும் திரும்பிக்கொள்ளாது. ஓட்டை கிழிந்துபோன நல்ல சரக்கை ஓரமாகப் போடாதீர்கள். ஓட்டையோடு வருகிற பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் கிடைக்கிறது, ஒட்டித் திரும்ப மாட்டலாம்.

கண் உயரத்தில் மொட்டைக் கம்பி

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நடைபாதையை ஒட்டிய வரிசைகளில் நுனி மழுங்கி உருண்டையாக இருக்கிற கொக்கியோ, மேலே விலைச்சீட்டுத் தகடு தாங்கிய இரண்டாவது கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற கொக்கியோதான் வேண்டும். அந்தத் தகடு கண்ணுக்கும் நுனிக்கும் குறுக்கே நிற்கும். பெரியவர்களின் கண் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற குழந்தையின் கண் மூன்றடி உயரத்தில் இருக்கிறது. அந்த வரிசையில் பாதி காலியான கொக்கியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பண்டிகை நாளில், கூட்டத்தில், திரும்புகிற வேகத்தில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சுவரோடு ஒட்டி அடிப்பது

கால் வளைய இடம் வேண்டும். போர்டுக்குப் பின்னால் அரை இன்ச்சுக்குக் குறையாத ரீப்பர் (மரச் சட்டம்) அடித்து, அதன் மேல் போர்டை முடுக்குங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் நேரே ஹார்டுபோர்டில் ஏறி ஊதிப்போவதும் இதனால் குறையும்.

ஸ்லாட்வால் கொக்கி, மெஷ் கொக்கி

ஒன்று நீளக் காடி வெட்டிய பலகைக்கானது, மற்றது கம்பி வலைக்கானது. இரண்டும் பெக்போர்டில் நிற்காது.

கடலோர ஊரில் மலிவான பூச்சு

தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் கடை என்றால் மெல்லிய சிங்க் பூச்சுக் கொக்கி சீக்கிரமே வெளுத்துத் துருப்பிடிக்கும். பவுடர் கோட்டிங் பார்க்க அழகு, ஆனால் அட்டை உரசி உரசிக் கம்பியின் மேல்முதுகில் பூச்சு தேயும், முதலில் அங்கேதான் துரு வரும். அந்தத் துரு வெள்ளை அட்டையில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குவதானால் 304 ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று சிலர் செய்து காட்டுவார்கள். 202 என்கிற மலிவு ரகத்திலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, உப்புக் காற்றில் அதன் பாடு வேறு.

பட்டறைக்கும் கடைக் கொக்கியே வாங்குவது

கடையில் சரக்கு சுலபமாகக் கழன்று வர வேண்டும், அதனால் கொக்கி நேராக நீண்டிருக்கும். பட்டறையிலும் வீட்டிலும் சாமான் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். நேர்க் கொக்கியில் ஸ்பானரை மாட்டினால் பக்கத்தில் கிரைண்டர் ஓடுகிற அதிர்வில் நகர்ந்து நகர்ந்து கீழே விழும். நுனி மேலே வளைந்த கொக்கி, இடுக்கிக்கு இரட்டைக் கை, ஸ்க்ரூடிரைவருக்கு வளையம் என்று சாமானைப் பார்த்து வாங்க வேண்டும். கனமான டிரில் மெஷினை இடுப்பு உயரத்துக்குக் கீழே, இரண்டு கொக்கியில் மாட்டுங்கள். கொக்கி கையோடு வந்தால், கீழ்க்காலைப் பக்கத்து ஓட்டை வழியாக ஒரு கேபிள் டையால் போர்டோடு கட்டிவிடலாம்.

எது எங்கே என்பதைப் போர்டிலேயே வரைந்துவிடுவது நல்ல பழக்கம். அமெரிக்கச் சமையல் கலைஞர் ஜூலியா சைல்டின் வீட்டுச் சமையலறையில் அவர் கணவர் பால் சைல்டு பெக்போர்டில் ஒவ்வொரு வாணலியின் உருவத்தையும் கோடு போட்டு வைத்தார். அந்தச் சமையலறை இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 5எஸ் என்கிற, சாமானை அதனதன் இடத்தில் ஒழுங்காக வைக்கும் முறையைப் பின்பற்றுகிற நம் ஊர்த் தொழிற்சாலைகளிலும் கருவிப் பலகையில் இதையே செய்கிறார்கள். ஒரு ஸ்பானர் குறைந்தால் வெறும் உருவம் தெரியும், ஷிப்ட் முடிவதற்குள் தேடி எடுத்துவிடலாம். கொக்கியை மாட்டிச் சில வாரம் வேலை செய்து பார்த்துவிட்டு வரையுங்கள், முதல் நாளே வரைந்தால் நிச்சயம் அழிக்க வேண்டிவரும்.

உபரி வாங்காமல் விடுவது

நூற்றுக்குப் பத்து கூடுதலாக, அதே பில்லில், அதே லாட்டில் வாங்கிப் போடுங்கள். அடுத்த வருடம் கேட்டால் அதே கனம் கிடைக்காது.