அரசியல் நையாண்டி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சறுக்கல் உருவக் கேலி. தொப்பை, நிறம், சாதி, வீட்டுப் பெண்கள் என்று இறங்கிவிட்டால் அந்த அரசியல்வாதி செய்த காரியம் பேச்சிலேயே வராது. அனுதாபம்தான் அவருக்குச் சேரும். அவர் கையெழுத்திட்ட ஆணை, சட்டமன்றத்தில் சொன்ன பதில், கைவிட்ட வாக்குறுதி, இவற்றைத் தொடுங்கள்.

அதற்குச் சரக்கு வேண்டும். வேட்பாளர் தன் சொத்து, வருமானம், வழக்குகளைச் சொல்லித் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஆனால் அதை வாசிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு தேர்தல்களின் மொத்தச் சொத்தை மட்டும் ஒப்பிட்டு 'கொள்ளை' என்று எழுதிவிடுகிறார்கள். பழைய நிலத்தின் சந்தை விலை ஏறியிருந்தாலும் மொத்தம் கூடும். பரம்பரைச் சொத்து எது, தானே வாங்கியது எது, வாங்கிய தேதி, விலை எல்லாம் அதிலேயே தனித்தனியாக இருக்கின்றன. புதிதாக வாங்கியதை, அதே பத்திரத்திலுள்ள 5 ஆண்டு வருமானத்தோடு பொருத்திப் பாருங்கள். கேள்வி அங்கேதான் பிறக்கும். நிலுவை வழக்கு வேறு, தண்டனை வேறு. வழக்கு நடக்கும்போதே 'குற்றவாளி' என்று எழுதுவது பெரும்பிழை.

'உண்மையைத்தானே எழுதினேன்' என்பது மட்டும் கேடயம் ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவில் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. உண்மையாக இருந்தாலும் பொதுநன்மைக்காக வெளியிட்டதாக இருக்க வேண்டும். பொது ஊழியரின் பணி நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு விலக்கு உண்டு. அந்தரங்கத்தை விட்டுப் பணியைப் பேசச் சொல்வது இதனால்தான்.

பெயர் சொல்லாவிட்டால் வம்பில்லை என்பதும் தப்புக்கணக்கு. 1987இல் ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவை எந்த எம்.எல்.ஏ.வையும் அமைச்சரையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. சட்டமன்றமோ அதை உரிமை மீறலாக எடுத்துக்கொண்டு ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களில் விடுவித்தார்கள். 1994இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது.

எது யார் பொறுப்பு என்று பார்க்காமல் தெருச் சாக்கடைக்கு எம்.பி.யை, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணத்துக்குக் கவுன்சிலரைச் சாடாதீர்கள். கற்பனை வசனத்தைத் தொலைக்காட்சிச் செய்தி அட்டை வடிவில் போடவே கூடாது. வாட்ஸ்அப்பில் நான்கு கை மாறியதும் அது நிஜப் பேச்சாகிவிடும்; பிறகு அந்த அரசியல்வாதி உண்மையிலேயே உளறியதைக்கூட 'அதுவும் போலி' என்று தள்ளிவிடுவார்.