கொழுந்துச் சீட்டும் 17-சி படிவமும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். மக்களவைத் தேர்தல் வந்தால் பூத் ஏஜென்ட், அதாவது வேட்பாளர் சார்பில் சாவடியில் உட்காரும் முகவர். முதல் தடவை முகவராக உட்காரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே சாவடியில் இருங்கள். மாதிரி வாக்குப்பதிவு அப்போதே தொடங்கிவிடும். மேகம் இறங்கிவிட்டது, ஜீப் கிடைக்கவில்லை என்று பிறகு புலம்பிப் பயனில்லை. குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டுவார்கள். அதற்குப் பின் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும்: அந்த ஓட்டுகளை அழித்து இயந்திரம் பூஜ்யம் காட்டுகிறதா, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டியிலிருந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்துவிட்டார்களா?

பகலுக்கு ஸ்வெட்டரும் பொறுமையும் போதும்.

ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுப்பார்கள். அவர்கள் ஓட்டுப் போட்டு முடியும்வரை எழுந்திருக்காதீர்கள். தலைமை அலுவலர் 17-சி படிவத்தை நிரப்புவார்: பதிவான மொத்த ஓட்டு, இயந்திரத்தின் எண், முத்திரைகளின் எண். அதன் நகலை வாங்காமல் வராதீர்கள். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு அதற்கான சீட்டு வாங்காமல் வருவோமா? என் முதல் தேர்தலில் நகலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கோடை மழையில் நடந்தேன். வீட்டில் எடுத்தபோது மை கரைந்து நீலக் கறைதான் மிச்சம். பிளாஸ்டிக் உறை கொண்டுபோங்கள்.

அந்த நகல், ஓட்டு எண்ணும் இடத்தில் உட்காரும் எண்ணிக்கை முகவர் கைக்குப் போக வேண்டும். எங்கள் நீலகிரி மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: உதகை, குன்னூர், கூடலூர் மலையில். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. ஆறுக்கும் தனித்தனியாக எண்ணுவார்கள் என்பதால் உங்கள் சாவடி எந்த மேசைக்கு வருகிறதென்று அவர் முன்பே குறித்துக்கொள்ளட்டும். முடிவுக்கான பொத்தானை அழுத்துவதற்கு முன் இயந்திரத்தின் எண், முத்திரை எண், மொத்தம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். மொத்தம் உதைத்தால் உடனே எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு அந்தக் கூடத்தில் மதிப்பில்லை. அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அதிலுள்ள ஓட்டுகளுக்குள் வந்தால்தான் அதற்கு வேலை. அப்படியெல்லாம் நடக்குமா என்று சிரிக்காதீர்கள். 1989-இல் அனகாபள்ளியில் வித்தியாசம் 9 ஓட்டு.

மறு எண்ணிக்கை கேட்பதானால் வேட்பாளர் தரப்பு, வெற்றி அறிவிக்கப்படுவதற்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான். அதற்கு 45 நாள் அவகாசம். அதுவரையாவது ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். என்னுடையவை கொழுந்துச் சீட்டுகளோடு ஒரே பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.